விண்வெளியில் தனியார்: நம் பிள்ளைகளுக்கு எங்கே இடம்?

ராக்கெட் விடுவது அரசாங்கத்தின் வேலை, அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டுவது நம் வேலை என்று வெகுகாலம் இருந்துவிட்டோம். நம் வீட்டுப் பிள்ளை அந்தத் துறைக்குள் நுழைய ஒரே ஒரு வழிதான் நமக்குத் தெரிந்திருந்தது. நன்றாகப் படித்து, பொறியியல் பட்டம் வாங்கி, இஸ்ரோவின் தேர்வை எழுதி, வேலை கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் விண்வெளி என்பது நாளிதழில் படிக்கும் சங்கதி, அவ்வளவே.

அண்மை ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. தனியார் நிறுவனங்கள் ராக்கெட் கட்டுகின்றன. கல்லூரி மாணவர்கள் செய்த கருவிகள் பூமியைச் சுற்றி வந்திருக்கின்றன. அரசுப் பள்ளி மாணவிகளின் உழைப்பும் விண்ணுக்குப் போயிருக்கிறது. இவற்றோடு கூடவே, "உங்கள் பிள்ளையும் செயற்கைக்கோள் செய்யலாம், கட்டணம் இவ்வளவு" என்று சொல்லும் துண்டறிக்கைகளும் வீடு தேடி வரத் தொடங்கியிருக்கின்றன. இவற்றுள் எது மெய்யான வாய்ப்பு, எது வெறும் சான்றிதழ் என்று பெற்றோர்கள் பிரித்தறிய வேண்டும். ஏனென்றால் போவது பணம் மட்டுமல்ல, பிள்ளையின் ஆர்வமும்தான். அதற்கு உதவியாகச் சில விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

என்ன மாறியது?

இஸ்ரோ 1969-இல் தொடங்கப்பட்டது. அரை நூற்றாண்டுக் காலம் ராக்கெட்டும் செயற்கைக்கோளும் அதன் கையில்தான் இருந்தன. தனியார் தொழிற்சாலைகள் இஸ்ரோ கேட்ட உதிரி பாகங்களைச் செய்து கொடுத்தன. 2020 ஜூன் மாதம் மத்திய அரசு இந்தத் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடுவதாக அறிவித்தது. அவர்களுக்கு அனுமதி தரவும், இஸ்ரோவின் சோதனைக் கூடங்களையும் ஏவுதளங்களையும் அவர்கள் பயன்படுத்த ஏற்பாடு செய்யவும் 'இன்ஸ்பேஸ்' என்ற அமைப்பு உருவானது. அதன் தலைமையகம் எங்கே இருக்கிறது தெரியுமா? நம் அகமதாபாத்தின் போபல் பகுதியில்தான். 2022 ஜூன் 10-ஆம் தேதி பிரதமர் அதைத் திறந்து வைத்தார். இந்தியாவில் எந்தத் தனியார் ராக்கெட் கிளம்ப வேண்டுமானாலும் அனுமதி இங்கிருந்துதான் போக வேண்டும்.

திறந்துவிட்ட பலன் விரைவிலேயே தெரிந்தது. 2022 நவம்பர் 18 அன்று ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'விக்ரம்-எஸ்' ராக்கெட்டை ஏவியது. இந்தியத் தனியார் நிறுவனம் ஒன்று விட்ட முதல் ராக்கெட் அது. அகமதாபாத்தில் பிறந்த விக்ரம் சாராபாயின் பெயரைத்தான் அதற்குச் சூட்டியிருந்தார்கள். 89.5 கி.மீ. உயரம் வரை போய்க் கடலில் விழுந்தது. அதில் சென்ற மூன்று கருவிகளுள் ஒன்று, சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டலில் பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து செய்தது.

அடுத்தது நம்மூர்ச் சங்கதி. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று தன் முதல் சோதனை ராக்கெட்டை ஏவியது. அதன் எஞ்சின் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக வார்க்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அதற்கு முன் நான்கு முறை நாள் குறித்து, நான்கு முறையும் கடைசி நேரத்தில் நிறுத்தினார்கள். ஐந்தாவது முறைதான் கிளம்பியது. இந்த நான்கு முறை நிறுத்தியதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். சந்தேகம் இருக்கும்போது நிறுத்தத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை.

மேலே போவது வேறு, சுற்றி வருவது வேறு

இந்த இரண்டு ராக்கெட்டுகளும் மேலே போய்த் திரும்பி விழுந்தவை. எதையும் பூமியைச் சுற்ற வைக்கவில்லை. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால், வீட்டுக்கு வரும் துண்டறிக்கைகளில் பாதிக்குமேல் நாமே எடை போட்டுவிடலாம்.

ஒரு பந்தை மேலே எறிந்தால் திரும்பி விழும். எவ்வளவு உயரம் எறிந்தாலும், பக்கவாட்டில் போதிய வேகம் இல்லாவிட்டால் விழத்தான் செய்யும். ஒரு பொருள் விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமானால் பக்கவாட்டில் வினாடிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் வேகம் வேண்டும். இங்கிருந்து வதோதரா சுமார் 110 கி.மீ. அந்த வேகத்தில் போனால் 15 வினாடியில் போய்ச் சேர்ந்துவிடலாம். ராக்கெட்டின் எரிபொருளில் பெரும்பகுதி செலவாவது உயரத்துக்காக அல்ல, இந்த வேகத்துக்காகத்தான்.

ஆகவே மாணவர் முயற்சிகளை மூன்று படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் படி பலூன். ஹீலியம் நிரப்பிய பெரிய பலூன் ஒரு சிறு பெட்டியைச் சுமார் 30 கி.மீ. உயரத்துக்குக் கொண்டு போகும். அங்கே காற்றழுத்தம் தரையில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குதான். ஆனாலும் அது விண்வெளி ஆகாது. 100 கி.மீ. உயரத்தைத்தான் பொதுவாக விண்வெளியின் எல்லையாகக் கொள்கிறார்கள். இரண்டாவது படி, மேலே போய்ச் சில நிமிடங்களில் விழுந்துவிடும் ஆய்வு ராக்கெட். மூன்றாவது படிதான் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்.

மூன்று படியிலும் கற்க நிறைய உண்டு. பலூன் முயற்சி கேவலமானதும் அல்ல. ஆனால் பலூனில் போனதைப் 'பூமியைச் சுற்றிய கோள்' என்று பிள்ளையிடம் சொல்லக் கூடாது. 2017-இல் கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிபாத் ஷாரூக்கும் நண்பர்களும் ஸ்பேஸ் கிட்ஸ் அமைப்பின் ஆதரவில் செய்த 'கலாம்சாட்' 64 கிராம் எடைதான். நாசா தொடர்பான மாணவர் போட்டி ஒன்றில் தேர்வாகி, ஜூன் 22 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து கிளம்பியது. அது போனது இரண்டாவது படி ராக்கெட்டில். அதனால் அந்தச் சாதனை குறைந்து போய்விடவில்லை. அத்தனை சிறிய பெட்டிக்குள் கருவிகளை அடக்கி வேலை செய்ய வைத்ததுதான் சாதனை. 2019 ஜனவரி 24 அன்று அதே அமைப்பின் 'கலாம்சாட் வி-2' பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஏறி மூன்றாவது படியையும் தொட்டது. ஒரு படியில் கற்றது அடுத்த படிக்கு உதவிய கதை இது.

மாணவர் கட்டிய கோள்கள்

இந்தியாவில் மாணவர் செயற்கைக்கோள் என்பது தனியார் வருகைக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதன் முதல் பக்கத்தில் இருப்பது அண்ணா பல்கலைக்கழகம். அங்கே உருவான 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' 2009 ஏப்ரல் 20 அன்று விண்ணில் ஏறியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுதான். மறு ஆண்டு ஜூலை 12-இல், பெங்களூர், ஹைதராபாத் நகரங்களின் ஏழு பொறியியல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த 'ஸ்டுட்சாட்' போனது. அதன் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. 2011-இல் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகமும், 2017-இல் குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகமும் இந்த வரிசையில் சேர்ந்தன.

நாற்பது கிலோ எப்படி ஒரு கிலோ ஆயிற்று? 1999-இல் அமெரிக்காவில் பாப் ட்விக்ஸ், ஜோர்டி புயிக்-சுவாரி என்ற இரு பேராசிரியர்கள், மாணவர் கோள்களுக்கு ஒரு பொது அளவு வகுத்தார்கள். ஒவ்வொரு பக்கமும் 10 செ.மீ. கொண்ட கனசதுரம், ஏறத்தாழ ஒரு கிலோ எடை. எல்லாரும் ஒரே அளவில் செய்தால், பெரிய கோளை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டின் மிச்ச இடத்தில் இவற்றையும் ஏற்றிவிடலாம். செங்கல்லுக்கு ஓர் அளவு இருப்பதால் எந்த ஊர்க் கொத்தனாரும் எந்த ஊர்ச் செங்கல்லையும் வைத்துச் சுவர் எழுப்புகிறார் அல்லவா, அதைப் போன்றதுதான் இது.

இன்னும் எளிதான வழியும் வந்துவிட்டது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் அடுக்கு, கோளை இறக்கிவிட்ட பிறகு வெறும் குப்பையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு மின்சாரமும், நிலையாக நிற்கும் ஏற்பாடும் கொடுத்து, 2022 முதல் 'போயம்' என்ற பெயரில் ஆய்வு மேடையாகப் பயன்படுத்துகிறார்கள். தனியாகக் கோள் செய்ய வசதியில்லாத கல்லூரியும் தன் கருவியை மட்டும் அதில் பொருத்தலாம். 2024 ஜனவரி 1-இல் போன மேடையில், திருவனந்தபுரம் எல்.பி.எஸ். மகளிர் பொறியியல் கல்லூரி மாணவியர் செய்த புற ஊதாக் கதிர் அளக்கும் கருவி இருந்தது. 2024 டிசம்பர் 30-இல் போன மேடையில் 24 கருவிகள். அவற்றுள் 10 தனியார் நிறுவனங்களும் கல்லூரிகளும் அனுப்பியவை. மும்பை அமிட்டி பல்கலைக்கழகத்தின் பசலைக்கீரைத் திசுச் சோதனையும் அதில் ஒன்று.

தோற்றவர்களின் கதை

வெற்றிகளையே சொல்லிக்கொண்டு போனால் விஷயம் முழுமையாகாது. 2022-இல் சுதந்திரப் பவள விழாவை ஒட்டி, 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளை வைத்து 'ஆசாதிசாட்' என்ற கோளை ஸ்பேஸ் கிட்ஸ் அமைப்பு உருவாக்கியது. மதுரை அருகே திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் பங்கேற்றார்கள். ஆகஸ்ட் 7 அன்று, இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. என்ற புதிய சிறு ராக்கெட்டின் முதல் பயணத்தில் அது சென்றது. ராக்கெட்டின் அடுக்குகள் பிரியும்போது ஏற்பட்ட அதிர்வில் உணரிகள் தடுமாறின. வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு முனையில் பூமியை 76 கி.மீ. வரை நெருங்கும் நீள்வட்டப் பாதையில் கோள் விடப்பட்டது. அங்கே காற்றின் உராய்வு அதிகம். அத்தனை பேரின் உழைப்பும் வீழ்ந்துபோனது.

ஆனால் அவர்கள் கடையைக் கட்டிவிடவில்லை. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10 அன்று 'ஆசாதிசாட்-2' அதே வகை ராக்கெட்டின் இரண்டாம் பயணத்தில் 450 கி.மீ. உயரச் சுற்றுப் பாதையைச் சரியாக அடைந்தது.

எல்லாத் தோல்விக்கும் இப்படி இரண்டாம் வாய்ப்பு அமைவதில்லை. நிலாவில் இறங்கும் தனியார் குழுவுக்குப் பெரும் பரிசு என்று 2007-இல் கூகுள் ஆதரவில் ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. பெங்களூரின் டீம்இண்டஸ் குழு அதில் கலந்துகொண்டு, இறங்கும் தொழில்நுட்பத்துக்காக 2015-இல் பத்து லட்சம் டாலர் இடைப்பரிசும் பெற்றது. 25 வயதுக்கு உட்பட்டவர்கள் நிலாவுக்கு அனுப்பும் சோதனைகளை வடிவமைக்க ஒரு தனிப் போட்டியையும் நடத்தியது. கடைசியில் பணமும் நேரமும் போதாமல் பயணமே நடக்கவில்லை. 2018 மார்ச் 31-இல் கெடு முடிந்தபோது உலகில் எந்தக் குழுவும் பரிசை வெல்லவில்லை. தனியார் முயற்சி என்றால் இந்த அபாயமும் சேர்ந்தே வரும். பணம் தீர்ந்தால் பயணம் நின்றுவிடும். இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

படிப்பு முடித்தவர்களுக்கும் இடம் உண்டு

விண்வெளியில் பங்கு கொள்ள மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் 'பிளானட்டரி சொசைட்டி' என்ற பொதுமக்கள் சங்கம், சூரிய ஒளியின் அழுத்தத்தால் மட்டுமே நகரும் 'லைட்செயில்-2' என்ற பாய்க்கப்பலை 2019 ஜூன் 25 அன்று ஏவியது. சுமார் 50,000 சாதாரண மக்கள் கொடுத்த நன்கொடையில் உருவானது அது. மூன்றாண்டுக்கும் மேல் சுற்றி, 2022 நவம்பரில் காற்று மண்டலத்தில் எரிந்து முடிந்தது. நம் ஊர்க் கோயில் திருப்பணிக்கு வீட்டுக்கு வீடு வசூல் செய்வதைப் போல, விண்வெளிக்கும் செய்யலாம் என்று அது காட்டிவிட்டது.

ஹாம் வானொலியும் பழைய, உறுதியான வழி. இந்தியாவில் 12 வயது நிரம்பியவர்கள் அரசுத் தேர்வெழுதி இதற்கான உரிமம் பெறலாம். 2005 மே 5 அன்று இஸ்ரோ ஏவிய 'ஹாம்சாட்' இந்த ஆர்வலர்களுக்கென்றே விடப்பட்டு, 2014 வரை உழைத்தது. 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் பயணத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போன நம் விமானப்படை வீரர் சுபான்ஷு சுக்லா, அங்கிருந்து பெங்களூரிலும் மேகாலயாவிலும் கூடியிருந்த மாணவர்களோடு பேசியது இந்த ஹாம் வானொலி மூலமாகத்தான்.

நேரில் பார்க்க விரும்புவோருக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் 2019 முதல் பார்வையாளர் மாடம் உண்டு. முன்கூட்டியே இணையத்தில் பெயர் பதிவு செய்ய வேண்டும். நவஜீவன் எக்ஸ்பிரஸில் சென்னை போகும்போது கூடூரைத் தாண்டியதும் சூளூர்ப்பேட்டை வருகிறதே, அதுதான் அருகிலுள்ள ரயில் நிலையம். ஏவும் தேதி கடைசி நேரத்தில் தள்ளிப்போகலாம். எனவே அதை மட்டும் நம்பி விடுப்புப் போடாதீர்கள்.

தூத்துக்குடிப் பக்கத்து அன்பர்களுக்கு இன்னொரு செய்தி. தசராவுக்குப் பெயர்பெற்ற குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட், இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. அதில் எரிபொருள் வீணாகிறது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே போகலாம். எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறு ராக்கெட்டுகளுக்கும் தனியாருடைய ராக்கெட்டுகளுக்கும் இது பெரிய லாபம்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

இனி, பிள்ளை கையில் ஒரு விண்ணப்பப் படிவம் வந்தால், கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. கருவி எதில் போகிறது? பலூனிலா, விழுந்துவிடும் ராக்கெட்டிலா, பூமியைச் சுற்றும் பாதைக்கா?

2. என் பிள்ளை கையால் செய்யப்போவது என்ன? சால்டரிங் செய்யுமா, நிரல் எழுதுமா, சோதித்துப் பார்க்குமா? அல்லது முன்பே செய்து முடித்த பெட்டியின் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு சரியா?

3. கிடைக்கும் அளவீடுகள் பிள்ளைக்குத் தரப்படுமா? வெப்பமும் அழுத்தமும் எவ்வளவு என்ற எண்கள் கைக்கு வந்து, அவற்றை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால்தான் அது அறிவியல்.

4. பயணம் தோற்றாலோ ரத்தானாலோ கட்டணம் என்ன ஆகும்? மறு வாய்ப்பு உண்டா?

5. யார் அனுமதி பெற்றிருக்கிறார்கள்? ராக்கெட்டுக்கும் கோளுக்கும் இன்ஸ்பேஸ் அனுமதி வேண்டும். பெரிய பலூனுக்கு விமானப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும்.

நேர்மையாக நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தப் பணத்தில் பிள்ளைக்கு ஒரு நல்ல தொலைநோக்காடி வாங்கிக் கொடுத்துவிடலாம்.

கட்டணமே இல்லாத வாய்ப்பும் உண்டு. இஸ்ரோவின் 'யுவிகா' பயிற்சி 2019-இல் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கானது. எட்டாம் வகுப்பு மதிப்பெண், அறிவியல் கண்காட்சியில் பங்கேற்றது போன்றவற்றைப் பார்த்து எடுக்கிறார்கள். கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சலுகை மதிப்பெண்ணும் உண்டு. கல்லூரிப் பிள்ளைகளுக்கு, இந்திய விண்வெளிச் சங்கம் இன்ஸ்பேஸ், இஸ்ரோ துணையுடன் நடத்தும் 'கேன்சாட்' போட்டி இருக்கிறது. குளிர்பான டப்பா அளவுள்ள ஒரு கருவியைச் சிறு ராக்கெட்டில் மேலே அனுப்பி, பாராசூட்டில் இறங்கும்போதே அது அளவீடுகளைத் தரைக்கு அனுப்ப வேண்டும். கோளுக்குரிய மின்சாரம், உணரி, வானொலி எல்லாமே அந்த டப்பாவுக்குள் உண்டு.

நம் சங்கம் என்ன செய்யலாம்?

மணிநகரிலும் போபலிலுமாகப் பிரிந்து கிடக்கும் நம் குடும்பங்கள் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுகிறோம். ஆண்டில் இன்னொரு நாள் இதற்காகவும் கூடலாமே. சந்திரயான்-3 நிலாவில் இறங்கிய ஆகஸ்ட் 23-ஆம் தேதியைத் தேசிய விண்வெளி நாளாக 2024 முதல் நாடு கொண்டாடுகிறது. அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை பொருத்தமாக இருக்கும். காலையில் பிள்ளைகளை விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் விக்ரம் சாராபாய் கண்காட்சிக்கு முன் அனுமதி வாங்கி அழைத்துப் போகலாம். நம் உறுப்பினர்களில் மின்னணுத் துறை தெரிந்தவர்கள் பிற்பகலில் ஒரு வகுப்பு எடுக்கலாம்.

அந்த வகுப்புக்கு வேண்டிய சாமான் பெரிதல்ல. காற்றழுத்தம் அளக்கும் சிறு உணரியும், அதை இயக்கும் சிறு மின்பலகையும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டில் ஏறினால், 30 மீட்டருக்குச் சுமார் மூன்றரை மில்லிபார் அழுத்தம் குறைவதைப் பிள்ளைகளே பார்க்கலாம். பாவகட் மலைக்குப் போகும்போது எடுத்துச் சென்றால் இன்னும் நன்றாகத் தெரியும். அழுத்தத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடும் இதே முறைதான் கேன்சாட் டப்பாவிலும் இருக்கிறது. ஒன்று மட்டும் எச்சரிக்கை: வெடிமருந்து கலந்து ராக்கெட் செய்யும் முயற்சியைப் பிள்ளைகள் தாமாகச் செய்ய விடவே கூடாது.

ஆகஸ்டு மழைக்காலம் என்பதால், வானம் பார்க்கும் வேலையைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சூரியன் மறைந்த சிறிது நேரத்தில், சில நாட்களில் விண்வெளி நிலையம் நம் ஊருக்கு மேலே கடந்து போகும். நேரத்தை நாசா முன்பே வெளியிடுகிறது. கண் சிமிட்டாமல், மேற்கிலிருந்து கிழக்காகச் சில நிமிடம் நகரும் பிரகாசமான புள்ளி அது. மொட்டை மாடியில் நின்று வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்த வகுப்பை எடுக்க முன்வரும் அன்பர்களும், பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர்களும் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் போதும், தொடங்கிவிடலாம்.